கைடு சொன்னாலும் பவளத்தைப் பிடிக்காதீர்கள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில், கடலுக்கடியில் போட்டோவுக்காகப் பவளத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாராம் கைடு, நீங்கள் மறுத்தது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் செய்ததுதான் சரி. பார்க்கப் பாறை மாதிரி இருந்தாலும் அதன் மேல் படர்ந்திருப்பது மெல்லிய உயிர்ச்சதை. விரல் அழுந்தினாலே சிராய்ந்துவிடும், அப்புறம் அந்தக் காயத்தில் கிருமியும் பாசியும் ஏறும். உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும். போனது திரும்ப எவ்வளவு காலமாகும், பாருங்கள்! சட்டமும் உங்கள் பக்கம்தான்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடினப் பவளங்கள் புலியோடு, மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

அடுத்த முறை கைகளை மார்போடு கட்டிக்கொள்ளுங்கள். காலில் மாட்டும் துடுப்பையும் கவனியுங்கள், பல நேரம் உடைப்பது அதுதான். பேத்தை மீனைச் சீண்டி ஊதவைத்துக் காட்டும் கைடு என்றால், தயங்காமல் ஆளை மாற்றிவிடுங்கள்.