முகம் துடைத்துக்கொண்டு வருகிற பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. எதற்கெடுத்தாலும் அழுகை. அடுக்கி வைத்த கட்டைகள் சரிந்தால் அழுகை, சட்டைப் பட்டனை அவன் போடுவதற்குள் நான் போட்டுவிட்டால் அழுகை. ‘இதுக்கெல்லாமா அழுவாங்க?’ என்று சொல்லிச் சொல்லி இப்போது கொஞ்சம் பரவாயில்லை. கதவுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுகிறான். குழந்தையின் உணர்வுகளை மதிக்க வேண்டும் என்கிறார்கள். அழும்போதெல்லாம் மதித்தால் செல்லம் கொடுத்துக் கெடுத்ததாகிவிடும் என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?

பதில்: யார் சரி என்பது அப்புறம். ‘இப்போது கொஞ்சம் பரவாயில்லை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. ஏம்மா, இதில் எது பரவாயில்லை?

அம்மா வீட்டில் இருக்கிறாள். கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கை எட்டுகிற தூரத்தில் இருக்கிறாள். அப்படியிருந்தும் நாலரை வயதுப் பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் அழுகிறான். சட்டைக் கையில் மூக்கைத் தேய்த்துக்கொள்கிறான். கண்ணீர் தெரியாதபடி துடைத்த பிறகுதான் உங்கள் எதிரில் வருகிறான். இமை ஒட்டிக்கொண்டிருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு, அதை முன்னேற்றம் என்று கணக்கு எழுதியிருக்கிறீர்கள்.

1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். சில மாதக் கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாயை, சில நிமிடம் முகத்தில் எந்தச் சலனமும் காட்டாமல் உட்காரச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்க்கிறது. மறுபடி மறுபடி அவளை இழுக்கப் பார்க்கிறது. ஒன்றும் பலிக்காமல் போகவே, முகத்தையும் உடம்பையும் திருப்பிக்கொள்கிறது. அந்த நேரத்தில் உள்ளே வந்தவர்கள் குழந்தை சமாதானமாகிவிட்டது என்றுகூட நினைப்பார்கள். அது சமாதானமாகவில்லை, அம்மாவைக் கூப்பிடுவதை விட்டுவிட்டது. உங்கள் மகனிடம் நான் பயப்படுவதும் அதைத்தான்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. ‘அழாத, நீ பெரிய பொண்ணு’ என்று சொல்லித்தான் என் மகளை வளர்த்தேன். அவளுக்கு அப்போது மூன்று வயது. இன்று என்ன நடந்தாலும் போனில் ‘நல்லா இருக்கேம்மா’ என்கிறாள், ஒரே குரலில். அந்தக் குரலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

பெற்றவர்களின் கடமை என்று பலதைச் சொல்கிறோம். படிக்க வைப்பது, உடுத்தக் கொடுப்பது எல்லாம் சரி. பிள்ளை அழ வேண்டியிருந்தால் நம்மிடம் வந்து அழ முடிய வேண்டும். எனக்கு அதுதான் முதல் கடமை. குடும்பம் என்று ஒன்று இருப்பதே அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் கணவர் பயப்படுவது செல்லத்துக்கு. அழுதால் கேட்டதை வாங்கிக் கொடுப்பது செல்லம். அழுகை எதற்கென்று புரிந்துகொள்வதற்கு அந்தப் பெயர் கிடையாது. கோபத்தில் அடிக்க வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், ‘அடிக்க விடமாட்டேன்’ என்று சொல்லுங்கள். கையைத்தான் நிறுத்த வேண்டும், கோபத்தை இல்லை. கோபம் வந்ததற்காக ஒரு பிள்ளையைக் குற்றவாளியாக்க யாருக்கும் உரிமை கிடையாது.

அந்தக் கட்டை விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு அது நாலு கட்டை. அவனுக்கு அரை மணி நேர உழைப்பு. சரிந்தவுடன் ‘பரவால்ல, திரும்ப அடுக்கலாம்’ என்று தொடங்காதீர்கள். அவன் உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். ‘கஷ்டப்பட்டு அடுக்கினது விழுந்துடுச்சு. கோபமா வருதா?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த மூடிக்கொள்வதுதான் கஷ்டம். ‘புரியுது கண்ணா, ஆனா…’ என்று ஆரம்பித்தால் அந்த ‘ஆனா’ மட்டும்தான் அவன் காதில் விழும். ‘கோபம் இல்ல, அழுகையா வருது’ என்று அவன் உங்களைத் திருத்தினால் சந்தோஷப்படுங்கள். தன் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்லக் கற்றுக்கொள்கிறான். உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது பெரியவர்களுக்கே உதவுகிறது. முகங்களின் படத்தைப் பார்த்து அதிலுள்ள உணர்ச்சியின் பெயரைச் சொல்லும்போது, மூளையில் பயத்தோடும் பதற்றத்தோடும் சம்பந்தப்பட்ட அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைவதை அமெரிக்க உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவின் ஆய்வு 2007இல் காட்டியது.

பட்டனுக்குப் பதில் இன்னும் சுலபம். அவிழ்த்துவிட்டு, அவனையே போடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் ஒன்றும் ஆகிவிடாது.

அடுத்த முறை அவன் கதவுக்குப் பின்னால் போனால் கூப்பிட்டு வரவழைக்காதீர்கள். நீங்களும் போய்ப் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். அவன் அவசரமாக முகத்தைத் துடைக்கப் போவான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அழக் கூடாதுன்னு அம்மா சொன்னது தப்பு. எங்கிட்டயே அழலாம்’ என்று சொல்லுங்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதால் உங்கள் மரியாதை குறைந்துவிடாது.

அதன் பிறகு கொஞ்ச நாள் இப்போது இருப்பதைவிட அதிகமாக அழுவான், உங்கள் எதிரிலேயே, சத்தமாக. ‘பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்’ என்பார் உங்கள் கணவர். அப்போது இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, நீங்கள் பிள்ளையிடம் போங்கள்.