நீதிமன்றத்தில் கட்டிய பணம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊரில் உரிமையியல் நீதிமன்றமும் நீதித்துறை நடுவர் நீதிமன்றமும் ஒன்றாகவே இயங்குகின்றன. அபராதம் கட்டுபவரும், வாடகை வழக்கில் பணம் கட்டும் நானும் ஒரே மேசையில்தான் ரசீது வாங்குகிறோம். இந்தப் பணம் எங்கே போகிறது? நீதிமன்ற அலுவலகத்தையும் தணிக்கை செய்வார்களா?

பதில்: ரசீது எழுதும் மேசை ஒன்றானாலும் பணம் ஒன்றல்ல. அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் அரசின் வருவாய் என்பதால், அரசியலமைப்பின் 266ஆம் பிரிவின்படி மாநிலத்தின் தொகுப்பு நிதியில் சேர்கின்றன. நீங்கள் கட்டிய வாடகை அரசுக்குச் சொந்தமானது அன்று. வழக்கின் முடிவைப் பொறுத்து அது உங்களுக்கோ வீட்டு உரிமையாளருக்கோ போய்ச் சேர வேண்டியது. ஆகவே, வழக்குக்காக நீதிமன்றத்தில் கட்டப்படும் வைப்புத்தொகை, பிறருக்குச் சேர வேண்டிய பணத்தை அரசு வைத்திருக்கும் 'பொதுக் கணக்கில்' இருக்க வேண்டும் என்று 284ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது. அரசுப் பணமாக வாங்கிய தொகையைத் தாமதமின்றி, முழுவதுமாகக் கருவூலத்தில் செலுத்த வேண்டும், அலுவலகச் செலவுக்கு அதில் கை வைக்கக் கூடாது என்பது கருவூல விதி. ஜெராக்ஸ் தாள் தீர்ந்துவிட்டது என்று அன்றைய அபராதப் பணத்திலிருந்து இருநூறு ரூபாயை எடுத்து மறுநாள் திருப்பி வைத்தாலும் அது விதிமீறல்தான்.

தணிக்கை உண்டு. கீழமை நீதிமன்றங்களின் மீது உயர் நீதிமன்றத்துக்கு 235ஆம் பிரிவு தரும் கட்டுப்பாட்டின் கீழ் நடக்கும் ஆய்வுகள் ஒரு புறம். தணிக்கை அதிகாரங்களை வரையறுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் சார்பில் மாநிலக் கணக்காயர் அலுவலகம் செய்யும் தணிக்கை மறுபுறம். இதனால் நீதித்துறையின் சுதந்திரம் குறையுமோ என்ற ஐயம் தேவையில்லை. ஐயாயிரம் ரூபாய் அபராதம் விதித்திருக்கலாமே, ஏன் ஆயிரம் மட்டும் விதித்தீர்கள் என்று கேட்கத் தணிக்கையாளருக்கு உரிமை இல்லை. விதித்த ஆயிரம் எங்கே என்று கேட்க உண்டு.

கேள்வி: ரசீதுப் புத்தகமும் ரொக்கப் பதிவேடும் கருவூலச் செலானும் ஒத்துப்போனால் போதாதா? அதற்கு மேல் தணிக்கையில் என்ன இருக்கிறது?

பதில்: போதாது. கூட்டுத்தொகை ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்வது, தவறு செய்ய நினைப்பவர் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம். திங்கட்கிழமை வந்த 2,000 ரூபாய் அபராதத்தை எழுத்தர் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை வேறொருவர் கட்டும் 2,000 ரூபாயைத் திங்கட்கிழமைக் கணக்கில் காட்டுகிறார். புதன்கிழமைக் குறையை வெள்ளிக்கிழமைப் பணம் அடைக்கிறது. எந்நாளும் மொத்தம் சரியாகத் தெரியும், யாரோ ஒருவருடைய பணம் மட்டும் எப்போதும் இரண்டு நாள் பின்தங்கியே இருக்கும். எனவே தொகையைவிடத் தேதியே அதிகம் பேசும் என்பது என் கருத்து. ரசீதின் தேதிக்கும் செலானில் கருவூலம் இட்ட முத்திரையின் தேதிக்கும் உள்ள இடைவெளியை வரிசையாகக் குறித்துப் பார்க்கும் தணிக்கையாளர் பாதி வேலையை முடித்துவிட்டார். ரத்து செய்த ரசீதின் அசலும் புத்தகத்திலேயே ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் அவர் பார்ப்பார். 'ரத்து' என்று அடிச்சீட்டில் மட்டும் எழுதிவிட்டு, அசலைக் கட்சிக்காரர் கையில் கொடுத்தனுப்புவது பழைய வித்தை.

இன்னும் முக்கியமானது, எங்கிருந்து தொடங்குவது என்பது. ரசீதிலிருந்து தொடங்கினால் பதிவான பணம் மட்டுமே கண்ணில் படும். ரசீதே போடாமல் வாங்கிய பணத்தைக் கண்டுபிடிக்க, அபராதம் விதித்த தீர்ப்பை முதலில் எடுத்து, அது அபராதப் பதிவேட்டில் ஏறியதா, அங்கிருந்து ரசீதுக்கும் செலானுக்கும் போனதா என்று எதிர்த்திசையில் வர வேண்டும்.

வைப்புத்தொகை அலுவலர்களின் கையில் தங்கக் கூடாது என்பதற்கு இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம் கொடுத்த விலை பெரிது. அங்கே 'மாஸ்டர்' எனப்பட்ட அலுவலர்கள் தங்கள் பதவியையே விலை கொடுத்து வாங்கி, வழக்காடிகளின் பணத்தைத் தாங்களே வைத்துப் புழங்கினார்கள். 1720இல் தென்கடல் நிறுவனம் என்ற வணிக நிறுவனத்தின் பங்குகள் சரிந்தபோது அந்தப் பணத்தில் பெரும் துண்டு விழுந்தது. பதவிகளை விற்ற, அந்த நீதிமன்றத்தின் தலைவரான சான்சலர் மேக்கிள்ஸ்ஃபீல்டு பிரபு 1725இல் நாடாளுமன்ற விசாரணையில் குற்றவாளியாகி 30,000 பவுண்டு அபராதம் பெற்றார். அதன் பிறகுதான் பணத்தை இங்கிலாந்து வங்கியில் வைத்து, கணக்கை மட்டும் தனி அலுவலர் பார்க்கும் முறை வந்தது. பணம் ஓரிடம், கணக்கு வேறிடம் என்ற அந்த ஏற்பாட்டைத்தான் நம் கருவூலச் செலானிலும் காண்கிறோம்.

கேள்வி: விபத்து இழப்பீட்டில் என் மகளின் பங்கு, அவளுக்கு வயது வரும்வரை வங்கி வைப்பில் உள்ளது. நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: சிறுவர்களின் இழப்பீட்டை நிலையான வைப்பில் போட வேண்டும் என்பது சூசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி. இத்தகைய வைப்பில் கையாடலைவிட மறதியே பெரிய ஆபத்து. முதிர்ந்த வைப்பைப் புதுப்பிக்காமல் விட்டால், வட்டி குறைந்துபோவது ஒருவர் கண்ணிலும் படாது. வைப்புச் சான்றின் எண்ணையும் முதிர்வுத் தேதியையும் எழுதி வைத்துக்கொண்டு, அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே வழக்கறிஞர் மூலம் புதுப்பிப்பு பற்றி, இழப்பீடு வழங்கிய தீர்ப்பாயத்தில் கேட்டுவிடுங்கள். மகளுக்குப் பதினெட்டு முடிந்ததும் பணம் பெற மனு போட வேண்டும். அதற்கு அவளுடைய வயதுச் சான்று தேவைப்படும்.