ஓய்வுக்குப் பிறகு ஊழியம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வருவாய்த் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறேன். மீதி நாட்களை ஏழைகள் நடுவே ஊழியத்தில் கழிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஜெபம். போதகரிடம் சொன்னதும் கிறிஸ்துமஸுக்கு அரிசியும் சேலையும் கொடுக்கும் குழுவில் சேர்த்துவிட்டார். போனோம், கொடுத்தோம், போட்டோ எடுத்தோம், திரும்பிவிட்டோம். மனம் நிறையவில்லை. முழுநேர ஊழியத்துக்கு இறையியல் படிக்கத்தான் வேண்டுமா? இந்த வயதில் முடியுமா? உதவப் போனால் மதம் மாற்ற வந்தவன் என்கிறார்களே, என்ன செய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வயதில் இருந்து தொடங்குகிறேன். ஈவ்லின் பிராண்ட், கணவர் ஜெஸ்ஸியுடன் 1913இல் கொல்லிமலைக்கு வந்த ஆங்கிலேய மிஷனரிப் பெண்மணி. 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்துபோனார். ஈவ்லினுக்கு எழுபது நெருங்கும்போது மிஷன் ஓய்வு கொடுத்தது. அவர் இங்கிலாந்துக்குப் போகவில்லை. தன் சொந்தப் பொறுப்பில் மறுபடி மலையேறினார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சுற்றினார். 1974இல் காலமானபோது வயது 95. (வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய பால் பிராண்ட் இவர்கள் மகன்தான்.) உங்களுக்கு அறுபதுதானே ஆகிறது!

ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர். கொஞ்சம் மருத்துவமும் படித்திருந்தார். அன்று மலையில் நரம்புச்சிலந்தி நோய் இருந்தது. காலில் கொப்புளம் வந்து உடையும், உள்ளிருந்து நூல் மாதிரி புழு தலைநீட்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து கால் சீழ்பிடித்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஜெஸ்ஸி அதைப் பொறுமையாகச் செய்தார். ஆனால் அந்தக் காலோடு கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்ளும்வரை நோய் ஊரைவிட்டுப் போகாது. புழு தண்ணீரில் குஞ்சுகளை விடும், குடிப்பவருக்கும் வந்துவிடும். அதனால் யாரும் உள்ளே இறங்காதபடி கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் சொல்லிக் கொடுத்தார்.

அந்தச் சுவரும் ஊழியம்தான் என்று நான் நம்புகிறேன். பிரசங்கத்துக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஒரு ஊரிலேயே தங்கி, அதே மனிதர்களைத் தினமும் பார்ப்பவருக்குத்தான் நோய் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். வருடத்துக்கு ஒருமுறை வேனில் போய் இறங்குபவருக்கு யாருடைய காலும் கண்ணில் படாது. உங்கள் மனம் நிறையாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இறையியல் படிக்க ஆசையிருந்தால் படியுங்கள், நல்லதுதான். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருக்கிறது. அரசின் முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1200 ரூபாய் ஆனது. தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு அது மாதாமாதம் வந்தால், டிசம்பரில் நாம் கொடுக்கும் அஞ்சு கிலோ அரிசி எதற்கு? ஆனால் விண்ணப்பம் ஏன் தள்ளுபடியானது, எந்தச் சான்று குறைகிறது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. இது உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மதமாற்றப் பேச்சுக்கு வருகிறேன். உதவியை ஜெபத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். மதப் பிரசாரக் கைப்பிரதி கொடுத்துவிட்டு மனு எழுதித் தராதீர்கள். போட்டோவும் வேண்டாம். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்றுதானே நமக்குச் சொல்லியிருக்கிறது. யாராவது தாமாகவே உங்கள் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லா மதத்தாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்து கொடுங்கள். சந்தேகம் ஒரே நாளில் தீராது. இரண்டு மூன்று வருடம் அங்கேயே இருந்தால் கரையும்.

முதலில் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். போதகர் ஆலயத்தில் இடம் தர முன்வரலாம். அதைவிட ரேஷன் கடைப் பக்கம் ஒரு திண்ணை நல்லது, மற்றவர்களும் தயங்காமல் வருவார்கள். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, மழை பெய்தாலும் போய் உட்காருங்கள். ஜூன் மாதமே தொடங்கிவிடலாம்.