சிவப்புப் பூ வைத்தும் ஹம்மிங்பேர்ட் வரவில்லையா?

அமெரிக்காவின் வட கரோலினாவில் வீடு, சிவப்பு ரோஜாவும் அடுக்குப் பெட்டூனியாவும் வைத்து ஒரு வருஷம் ஆகியும் பூவில் தேன் குடிக்கும் குட்டிப் பறவையான ஹம்மிங்பேர்ட் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை என்கிறீர்கள். நிறத்தில் தப்பில்லை, தேன்தான் இல்லை. அடுக்கு இதழ்ப் பூவில் பெரும்பாலும் தேன் குறைவு, இருந்தாலும் அலகு உள்ளே போவது கஷ்டம். குழாய் மாதிரி நீண்ட பூதான் வேண்டும். நம்ம ஊர்த் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்து குடிக்கும், ஹம்மிங்பேர்டோ அந்தரத்தில் நின்றபடியே குடிப்பதால் உட்கார இடமில்லாமல் தொங்கும் பூவும் சரிதான்.

முதலில் வேலியில், சிவப்புக் குழாய்ப் பூ பூக்கும் கோரல் ஹனிசக்கிள் கொடியை ஏற்றுங்கள், ஏப்ரலில் பறவை வந்து சேரும்போதே பூத்திருக்கும். வாங்கும்போது பெயரைப் பாருங்கள், நான் தெரியாமல், கண்டபடி பரவும் ஜப்பான் ஹனிசக்கிளை நட்டுவிட்டு மூன்று வருஷம் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஈரம் நிற்கும் மூலையில் கார்டினல் பூ என்ற சிவப்புப் பூச்செடி வையுங்கள், ஜூலைக்கு மேல் அதுதான் ராஜா. அப்புறம் பூச்சிமருந்தை நிறுத்துங்கள், குஞ்சுகளுக்கு ஊட்டச் சின்னப் பூச்சியும் சிலந்தியும் வேண்டும். செடி வளரும்வரை ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, இந்தப் பறவைக்கென்றே இருக்கும் தேன்குப்பியில் ஊற்றித் தொங்கவிடலாம், சிவப்புச் சாயம் வேண்டவே வேண்டாம், வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கொரு தடவை கழுவி மாற்றுங்கள்.