வடசென்னைச் சிறுதொழில்: டெண்டர் கேள்வி-பதில்

வியாசர்பாடியில் காட்டன் கவரால் (ஆலைத் தொழிலாளர் அணியும், உடல் முழுவதும் மூடும் வேலை உடை) தைக்கிறோம். பட்டியலினத்தவர் யூனிட். விலையில் பெரிய கம்பெனியோடு மோத முடியவில்லை. மணலி ஆலைகளில் எங்களுக்கு வழி உண்டா?

உண்டு. 2012-ம் ஆண்டு மத்திய கொள்முதல் ஆணைப்படி, சென்னை பெட்ரோலியம், மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், காமராஜர் துறைமுகம் போன்ற மத்திய நிறுவனங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் பட்டியலினத்தவர், பழங்குடியினர் யூனிட்களுக்கு. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கும் இது பொருந்தும். ஸ்டான்லி மருத்துவமனை, வடசென்னை அனல் மின் நிலையம் மாநில அரசின் கீழ் வருவதால் பொருந்தாது.

விலைக்கும் வழி இருக்கிறது. 4,000 கவராலுக்கு ஒரு பெரிய கம்பெனி ஒன்றுக்கு 800 ரூபாய் போட்டு எல்1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்ன கம்பெனி, ஆகிறது என்று வையுங்கள். உங்கள் விலை 920-க்குள், அதாவது 15 சதவீதத்துக்குள் இருந்தால், 800-க்கு இறங்கி வரச் சம்மதமா என்று கேட்பார்கள். சம்மதித்தால் 1,000 உருப்படி வரை கிடைக்கும். தகுதியுள்ள சிறு யூனிட்கள் பல இருந்தால் அதைப் பங்கிடுவார்கள். எல்1 ஆன கம்பெனியே ஒரு சிறு தொழில் என்றால் இந்த வாய்ப்பு வராது. அதனால் எந்த விலை வரை இறங்கினால் கட்டுப்படியாகும் என்பதை டெண்டர் போடும் முன்பே கணக்குப் போடுங்கள். துணியையும் முன்சுருக்கம் செய்ததாக வாங்குங்கள். துவைத்துப் பார்க்கும் சோதனையில் கை நீளம் குறைந்தால் லாட் முழுவதும் திரும்பி வரும். லாபம் அங்கேதான் போகிறது.

தகுதியான பட்டியலினத்தவர் யூனிட் யாரும் வராவிட்டால் அந்த 4 சதவீதத்தை மற்றச் சிறு தொழில்களிடம் வாங்கிவிடலாம். தயவுசெய்து ஒதுங்கி நிற்காதீர்கள்.

தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை. உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்று இருந்தும், டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகைக்கு விலக்குத் தரவில்லை. ஏன்?

உத்யமில் 'வணிகம்' என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள். வாங்கி விற்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. நீங்கள் கடையும் பொருளுக்கான தொழில் குறியீடு உற்பத்திப் பிரிவில் இருக்க வேண்டும். திருத்தம் இலவசம், ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஆர்டர் கிடைத்த பிறகு கட்டும் செயல்திறன் பிணைத்தொகைக்கு விலக்கு இல்லை, அதை விலையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம். இஸ்லாமியப் பெண் நடத்தும் யூனிட்டுக்கு ஒதுக்கீடு உண்டா?

மதச் சிறுபான்மையினருக்கென்று தனிப் பங்கு இல்லை. பெண்கள் நடத்தும் யூனிட்டுக்கு 3 சதவீதம் உண்டு. கூட்டு நிறுவனமானால் பெண்கள் பங்கு 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது.

திருவொற்றியூரில் தனியார் ஆலையின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்குக் கட்டாயமில்லை, ஆனாலும் செய்ய விரும்புகிறோம். எங்கே தொடங்குவது?

மிக நல்ல எண்ணம். சீருடை, கையுறை, மரப்பலகை, கேன்டீன் பொருள் என்று மொத்தமாகக் கொடுக்கும் ஆர்டரைப் பிரித்துக் கொடுங்கள். மூன்று ஆண்டு டர்ன்ஓவர் கேட்பதை விட்டு, மாதிரி உருப்படியையும் பட்டறையையும் நேரில் பாருங்கள். முதல் ஆர்டர் சிறியதாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பணத்தை நேரத்துக்குக் கொடுப்பது. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. உற்பத்தி செய்து தரும் குறு, சிறு யூனிட்டுக்கு இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். பில் வந்த தேதியையும் சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியையும் ஒரே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். நாள் கணக்கு சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்துதான் ஓடும்.