அபூர்வமான வண்டிதான், ஆனால் கேட்க ஆள் இல்லை

கேள்வி: எனக்கு ஊர் கோபிச்செட்டிபாளையம். எட்டு மாதத்துக்கு முன் ஈரோட்டில் ஒருவரிடம் 1984 மாடல் சிபானி டால்பின் காரை நாலரை லட்சத்துக்கு வாங்கினேன். "தமிழ்நாட்டிலேயே பத்து வண்டிகூட இருக்காதுங்க, கம்பெனி என்ஜின், ரெண்டு வருசத்துல பத்து லட்சம் போகும்" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். இன்று ஒன்றரை லட்சத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை. உள்ளே இருப்பது மாருதி ஆம்னி என்ஜின் என்கிறார் மெக்கானிக். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் விலை இறங்கிவிட்டது என்று வழக்குப் போட்டால் நிற்காது.

பத்து லட்சம் போகும் என்றது அவருடைய கணிப்பு. பொருளின் மதிப்பைத் தப்பாக எடை போடுவது உண்மை பற்றிய தவறு ஆகாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 20-ஆவது பிரிவின் விளக்கத்தில் தெளிவாகச் சொல்கிறது.

வண்டி அபூர்வம் என்றது உண்மையாகவே இருக்கலாம். ஏன் அபூர்வம் என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பெங்களூரில் ஃபைபர் பாடியோடு செய்த கார் அது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு அதைத் தேடி வந்தவர்கள் குறைந்துபோனார்கள். இன்று முன்கண்ணாடி விரிசல் விட்டால் மாற்றுக் கண்ணாடிக்கு எங்கே அலைவீர்கள்? ஊரெல்லாம் ஓடிய அம்பாசடருக்கு உதிரிபாகமும் கிடைக்கிறது, 'எங்க அப்பா வைத்திருந்த வண்டி' என்று தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பல்லும் சுழியும் பார்க்காமல், இந்த நிறத்தில் வேறு காளை இல்லை என்பதற்காக யாராவது பணத்தை அவிழ்ப்பார்களா?

சரி, 'கம்பெனி என்ஜின்' (கம்பெனியிலேயே பொருத்தி வந்த என்ஜின்) என்றாரே, உங்கள் வழக்கு அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. அது கணிப்பு இல்லை, உண்மை பற்றிய பேச்சு. பொய் என்று தெரிந்தே சொல்லியிருந்தால் அதே ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி மோசடி. 19-ஆவது பிரிவின்படி ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம். ரத்தானால் வண்டி அவருக்கு, நாலரை லட்சமும் உங்களுக்கு. 'வாங்கியவரே பானட்டைத் திறந்து பார்த்திருக்கலாமே' என்று எதிர்த்தரப்பு கண்டிப்பாக வாதாடும். தெரிந்தே வாய்திறந்து சொன்ன பொய்க்கு அந்த வாதம் செல்லாது.

ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணையும் பிளாக்கில் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டுப் படம் எடுங்கள். என்ஜின் மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். அவர் பெயரில் இருந்தபோதே ஏற்றியிருந்தால், அவருக்குத் தெரியாது என்ற பேச்சுக்கே இடமில்லை. குரல் பதிவு உள்ள போனை மாற்றாதீர்கள். கோர்ட்டில் அதைக் கொடுக்க, 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷிய அதினியம்) 63-ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வேண்டும்.

மோசடி தெரிந்த நாளிலிருந்து 3 வருடம் கெடு உண்டு. ஆனால் அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அப்புறம், வண்டியை ஓட்டாதீர்கள், பெயின்டும் அடிக்காதீர்கள். விஷயம் தெரிந்த பிறகும் சொந்த வண்டிபோல் பாவித்தால், நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.