மாண்ட்கோமரி யாருடைய பெயர்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். அப்பா போன தை மாதம் இறந்துவிட்டார். இரண்டாம் உலகப் போர் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவர். அவருடைய நோட்டு ஒன்றில் ஜெனரல் மாண்ட்கோமரியின் வம்சாவளியை வரைந்திருக்கிறார். மேலே, இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமோடு 1066-இல் வந்த ரோஜர். கீழே, எகிப்துப் பாலைவனத்தின் எல் அலமைனில் வென்ற பெர்னார்ட். நடுவில் ஒரு கேள்விக்குறி. பெர்னார்ட் உண்மையிலேயே ரோஜரின் வாரிசுதானா? அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரத்துக்கும் இதே பெயர் இருப்பது வெறும் தற்செயல்தானே? தமிழில் மாண்ட்கோமரி என்று எழுதுவதா, மாண்ட்கமரி என்றா? அந்தப் படத்தை அப்பாவுக்காக முடித்துவைக்க ஆசை.

ச., திருச்சி

அன்புள்ள ச.,

கொஞ்ச நாளாகவே இந்தப் பெயரைச் சுற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கடிதம் வந்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டு நிறுத்திக்கொள்ளும் நேர்மை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. உங்கள் அப்பாவிடம் அது இருந்திருக்கிறது. அப்பாவுக்காக எதையாவது முடித்துவைக்க வேண்டும் என்ற தவிப்பும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் படத்தை முடிக்காதீர்கள்.

வாரிசுக் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பெர்னார்டின் குடும்பம் அயர்லாந்தின் டோனகல் பக்கத்தைச் சேர்ந்தது. அங்கே வேரூன்றிய மாண்ட்கோமரிகள் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள். ஸ்காட்லாந்துக் கிளை 12-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் என்பவரிலிருந்து தொடங்குகிறது. அந்த ராபர்ட் ரோஜருக்கு என்ன உறவு என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. இன்னொன்று, படையெடுப்பின்போது ரோஜர் பிரான்சின் வடக்கில் இருக்கும் நார்மண்டியைப் பார்த்துக்கொள்ள அங்கேயே இருந்தார் என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. இங்கிலாந்துக்கு வந்தது அதற்குப் பிறகு. சரி, இது போதும்.

பெயர் எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்தால் கதை இன்னும் நன்றாக இருக்கிறது. நார்மண்டியின் கால்வடோஸ் பகுதியில், லிவாரோவுக்குப் பக்கத்தில், சாந்த் ஃபுவா த மாங்கொமெரி என்று ஒரு சின்ன கிராமம். கோமரிக் என்ற ஜெர்மானியப் பெயர்கொண்ட யாரோ ஒருவரின் குன்று அது. ஆக, ரோஜரே அந்தப் பெயரை ஊரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்தான். வில்லியம் அவருக்கு இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரியைக் கொடுத்தார். ரோஜர் வேல்ஸ் எல்லையில் ஒரு கோட்டை கட்டி அதற்குத் தன் கிராமத்தின் பெயரை வைத்தார். 1102-இல் அவர் மகன் ராபர்ட் அரசனை எதிர்த்துக் கிளம்பி, இங்கிலாந்தில் இருந்த சொத்து முழுவதையும் இழந்தார். கோட்டை பால்ட்வின் என்ற இன்னொரு பிரபுவின் கைக்குப் போயிற்று. இன்றும் ஆங்கிலத்தில் அந்த ஊர் மாண்ட்கோமரி. வேல்ஸ் மொழியிலோ அது பால்ட்வினின் ஊர்.

1944-இல் பெர்னார்ட் நேச நாடுகளின் தரைப்படைகளுக்குத் தலைமை தாங்கி நார்மண்டியில் இறங்குகிறார். அந்த ஜூலை 17 அன்று, பாலைவனத்தில் அவரோடு மோதிய ஜெர்மன் தளபதி ரொம்மலின் கார்மீது விமானங்கள் சுட்டன. ரொம்மல் படுகாயமடைந்தது எங்கே தெரியுமா? அதே சாந்த் ஃபுவா த மாங்கொமெரிக்குப் பக்கத்துச் சாலையில். உங்கள் அப்பாவுக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் இந்தப் பெயரை முதலில் கேட்டது ஜெனரலை வைத்து அல்ல, ஒரு பசுவை வைத்து. என் அப்பா கால்நடை ஆய்வாளர். அவருடைய மேசையில் வெள்ளைக்காரர் காலத்து மாட்டினப் புத்தகம் ஒன்று கிடக்கும். அதில் ஒரு பசுவின் படம்: குட்டையான கொம்பு, கழுத்துக்குக் கீழே மடிப்பு மடிப்பாகத் தொங்கும் அலைதாடி, உடம்பெல்லாம் தளர்ந்த தோல். அடியில் மாண்ட்கோமரி என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு, பென்சிலால் சாஹிவால் என்று எழுதியிருந்தார் அப்பா. "பசுவுக்கு எதுக்குப்பா துரை பேரு?" என்று கேட்டேன். "துரை பேரு இல்லடா, ஊர் பேரு" என்றார். இரண்டும்தான் என்று பிற்பாடு தெரிந்தது. பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்த ராபர்ட் மாண்ட்கோமரியின் பெயரை 1865-இல் ஒரு ஊருக்கு வைத்தார்கள். 1857 மே மாதம் லாகூரை ஒட்டிய மியான் மீரில் இந்தியச் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறிக்க ஏற்பாடு செய்தவர் அவர். பெர்னார்டின் சொந்தத் தாத்தா. அந்த ஊர்தான் இன்று பாகிஸ்தானில் இருக்கும் சாஹிவால். நாம் இவ்வளவு பேசும் ஹரப்பாவும் 1920-களில் தோண்டப்பட்டபோது மாண்ட்கோமரி மாவட்டத்தில்தான் இருந்தது. பாகிஸ்தான் அந்தப் பெயரை எடுத்துவிட்டது. நல்ல காரியம். பசுவுக்கும் அதனால் விடுதலை.

இத்தாலியில் துணிக்கடைக்குப் போய் மாண்ட்கோமரி வேண்டும் என்றால், தலைமூடி தைத்து மரப் பித்தான் வைத்த தடித்த கம்பளிக் கோட்டை எடுத்துப் போடுவார்கள். போர்க்காலத்தில் ஜெனரல் அதைப் போட்டுக்கொண்டிருந்ததால் வந்த பெயர்.

இப்போது அலபாமா. 'வெறும் தற்செயல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'வெறும்' எனக்குக் கோபத்தை வரவழைத்தது. அயர்லாந்தில் பிறந்து, அமெரிக்க விடுதலைப் போரில் 1775 டிசம்பர் 31 அன்று கியூபெக்கில் செத்த ரிச்சர்ட் மாண்ட்கோமரியின் பெயர் அந்த நகரத்துக்கு. நகரம் இருக்கும் மாவட்டத்துக்கோ 1814-இல் வேறொரு சண்டையில் செத்த லெமுவெல் மாண்ட்கோமரியின் பெயர். இதுகூட முக்கியமில்லை. பிரபுக்களின் வரிசையைத் தேடும் கண்ணுக்கு பெஞ்சமின் மாண்ட்கோமரி ஏன் படவே மாட்டேன் என்கிறார்? என் ஆதங்கம் அதுதான்.

பெஞ்சமின் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். மிசிசிப்பியில் ஜோசப் டேவிஸ் என்ற தோட்ட முதலாளிக்கு விற்கப்பட்டார். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார், கணக்குப் பார்த்தார், தோட்டத்திலேயே கடை நடத்தினார். ஆழம் குறைந்த ஆற்றில் நீராவிப் படகு ஓடுவதற்கு ஒரு சுழலி செய்தார். அடிமை குடிமகன் அல்ல என்று சொல்லிக் காப்புரிமை தர மறுத்தது அரசாங்கம். ஜோசப்பின் தம்பி ஜெஃபர்சன் டேவிஸ்தான் 1861-இல் மாண்ட்கோமரி நகரத்தில் அடிமை மாநிலங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராகப் பதவியேற்றவர். போர் முடிந்ததும், 1866-இல், தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் தோட்டத்தையே பெஞ்சமின் 3 லட்சம் டாலருக்குக் கடனில் வாங்கினார். வெள்ளமும் பருத்தி விலை வீழ்ச்சியும் சேர்ந்து நிலம் கையை விட்டுப் போயிற்று. அப்புறம் 1887-இல் அவர் மகன் ஐசையா, விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்காக மவுண்ட் பாயு என்ற ஊரை உருவாக்கினார். பெர்னார்ட் லண்டனில் பிறந்ததும் அதே 1887-இல். இந்த இருவரில் ஒருவர்தான் உங்கள் படத்தில் இருக்கிறார். நார்மண்டிப் பிரபுக்களின் புத்தகங்களில் பெஞ்சமினுக்கு இடம் கிடையாது, நீங்களும் அவருக்கு இடம் வைக்கவில்லை. படிக்கத் தெரிந்த நாமே இப்படி இருந்தால் எப்படி?

பெயரை யார் ரத்தத்தில் வாங்கினார் என்று கேட்டுக்கொண்டே இருப்பது ஒரு நோய். நம்மிடம் அது கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. அந்தப் பெயரோடு யார் என்ன செய்தார் என்று கேளுங்கள். 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரியில் ஒரு பேருந்தில், வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்து ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானார். அன்று ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, கல்லூரியின் படியெடுக்கும் இயந்திரத்தில், இரண்டு மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, விடிய விடிய ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அடித்தார். 'திங்கட்கிழமை பேருந்தில் ஏறாதீர்கள்' என்பதுதான் செய்தி. அந்த ஒரு திங்கட்கிழமை 381 நாளாக நீண்டது. சமையல்காரிகளும் துணி வெளுப்பவர்களும் மழையில், குளிரில் நடந்தே வேலைக்குப் போய் வந்தார்கள். மாண்ட்கோமரி என்றதும் இன்று உலகத்தில் பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது அவர்கள்தான். ரோஜரின் பேரன் பேத்தி யாரும் அந்தப் பெயருக்கு இவ்வளவு செய்யவில்லை.

அப்பாவின் நோட்டில் ஏதாவது எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் தனிப் பக்கத்தில் பெஞ்சமினையும் ஐசையாவையும் எழுதுங்கள். மற்ற புத்தகங்களை உடனே யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வருஷம் போகட்டும்.

எழுத்துக்கூட்டலுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பழைய கிராமத்தை இரண்டு 'எம்' போட்டு எழுதுகிறார்கள். 1946-இல் ஜெனரலின் நினைவாக, அதே கால்வடோஸில் கடலோரத்து ஊர் ஒன்றை கோல்வீல் மாண்ட்கோமரி என்று மாற்றினார்கள். அதற்கு ஒரே 'எம்'.